கேட்டு வாங்குங்கள்: அரசு ஊழியர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் கடலூர், புதுச்சேரி இரண்டு ஊர்களிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்தான். பெயர் போட வேண்டாம் என்று கிட்டத்தட்ட எல்லோருமே எழுதியிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடலூரில் தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். என் அக்கா புதுச்சேரி அரசில் கிளார்க். அவள் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது குழந்தை பராமரிப்பு விடுப்பு போட்டு முழுச் சம்பளத்தோடு இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். என் மகளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அதே விடுப்பைக் கேட்டால் "அப்படி ஒரு விடுப்பே கிடையாது" என்கிறார் எங்கள் கண்காணிப்பாளர். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இப்படி ஒரு வித்தியாசமா? – வாசகி, மஞ்சக்குப்பம்

உங்கள் கண்காணிப்பாளர் சொன்னது சரிதான் சகோதரி, ஆனால் ஏன் என்று அவர் விளக்கியிருக்கலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்குள்ள அரசு ஊழியர்களுக்குப் பெரும்பாலும் மத்திய அரசின் விதிகள்தான். உங்கள் அக்காவின் விடுப்பு 1972-ஆம் வருஷத்து மத்திய சிவில் சர்வீஸ் விடுப்பு விதிகளில் வருகிறது. உங்களுக்கு அடிப்படை விதிகளும் 1933-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விடுப்பு விதிகளும். இரண்டும் வேறு வேறு புத்தகம், அதனால் அக்கா தங்கை என்று ஒப்பிட்டுக் கேட்டால் அலுவலகத்தில் எடுபடாது.

அக்காவுக்கு இருப்பது, 18 வயதுக்குட்பட்ட மூத்த இரண்டு குழந்தைகளுக்காகப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். தமிழ்நாட்டில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. ஆனால் மகப்பேறு விடுப்பில் கணக்கு அப்படியே திரும்புகிறது. அக்காவுக்கு 180 நாள்தான், உங்களுக்கு 2021 ஜூலை முதல் 365 நாள். தகுதிகாண் பருவத்தில் பிரசவம் ஆனால் அந்த ஒரு வருஷமும் தகுதிகாண் கணக்கில் சேராமல் பதவி உயர்வில் பின்தங்கிப்போன பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதைச் சரிசெய்யும் அறிவிப்பும் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வந்தது. சி.எல். எனும் தற்செயல் விடுப்பு உங்களுக்கு 12 நாள், அக்காவுக்கு 8 நாள். ஈ.எல். எனும் ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைக்க உங்களுக்கு 240 நாள் வரை, அவருக்கு 300 நாள் வரை. சம்பளத்தில் கடைநிலையில் தொடங்குபவரின் அடிப்படை இங்கே 15,700 ரூபாய், அங்கே 18,000 ரூபாய்.

இப்போது உங்களுக்கு என்ன வழி? கையிலிருக்கும் ஈ.எல்.லைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் "இப்போது ஆள் இல்லை" என்றுதான் பதில் வரும். அது போதாவிட்டால் சொந்தக் காரணத்துக்கான ஈட்டா விடுப்பு இருக்கிறது, அரைச் சம்பளம்தான், ஆனால் கையில் மருத்துவச் சான்று இல்லாமலே கேட்கலாம். பொய்யாக மருத்துவச் சான்று வாங்கி விடுப்பு போட வேண்டாம். மருத்துவ போர்டின் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால் அது வேறு வம்பில் போய் முடியும்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. குழந்தைக்கு முதல் வருஷம் மட்டும் தாய் போதும் என்று எந்த வீட்டிலும் யாரும் நினைப்பதில்லை. டெங்கு வந்து பத்து நாள் படுக்கும்போதும், பத்தாம் வகுப்பிலும், வயதுக்கு வரும் சமயத்திலும் அம்மா பக்கத்தில் இருக்கத்தான் வேண்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இமாச்சலப் பிரதேசத்துப் பேராசிரியை ஒருவர் வழக்கில், பெண்கள் வேலையில் நிலைத்திருக்கக் குழந்தை பராமரிப்பு விடுப்பு முக்கியமானது, இது அரசியலமைப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லி, மாற்றுத்திறன் குழந்தைகளின் தாய்மார்களுக்கு அதைத் தருவது பற்றி யோசிக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. நம் சங்கங்கள் டி.ஏ. எனும் அகவிலைப்படிக்குக் கொடுக்கும் குரலில் கொஞ்சத்தை இதற்கும் கொடுக்க வேண்டும். உங்கள் சங்கக் கிளைக் கூட்டத்தில் நீங்களே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். எனக்கு 2011-ல் தேர்வுநிலை (ஒரே பதவியில் நீண்ட காலம் இருப்பவருக்குத் தரும் உயர் ஊதிய நிலை) நிர்ணயம் செய்ததில் ஒரு இன்கிரிமென்ட் கூடுதலாகப் போட்டுவிட்டார்களாம். இப்போது ஆடிட்டில் கண்டுபிடித்து, ஒன்றரை லட்சத்துக்கு மேல் பணிக்கொடையில் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். பெண் கல்யாணத்துக்கு அதைத்தான் நம்பியிருக்கிறேன். – பண்ருட்டி

ஐயா, பயப்படாதீர்கள். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் என்னை அதிகம் வருத்துவது இந்த வகைதான். முப்பது வருஷம் உழைத்தவரிடம், அலுவலகம் செய்த தவறுக்காக, வாசலைத் தாண்டும் நேரத்தில் கை நீட்டுகிறார்கள்.

2014 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மஸீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கடைநிலை, அதற்கு அடுத்த நிலை ஊழியர்களிடம், அதாவது சி, டி பிரிவினரிடம், கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும், ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமும் பிடிக்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்துவந்த தொகையையும் பிடிக்கக் கூடாது. நீங்கள் இந்த மூன்றுக்குள்ளும் வருகிறீர்கள். 2022 மே மாதம் கேரளத்து ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கிலும் இதே வழியில்தான் தீர்ப்பு, ஊழியர் பொய் சொல்லியோ மறைத்தோ வாங்காத பணத்தை ஓய்வுக்குப் பிறகு கேட்க முடியாது என்று.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பாருங்கள். உங்கள் எஸ்.ஆர். எனும் பணிப் பதிவேட்டை வாங்கி 2011-ஆம் வருஷப் பக்கத்தைப் புரட்டுங்கள். தேர்வுநிலை நிர்ணய உத்தரவின் எண், தேதி, கீழே அலுவலகத் தலைவர் பச்சை மையில் போட்ட கையெழுத்து எல்லாம் அங்கே இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலை எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள், நிர்ணயம் செய்தது அலுவலகம்தான் என்பதற்கு அதுவே சாட்சி. கூடவே, "கூடுதலாகப் பெற்றிருந்தால் திருப்பிச் செலுத்துகிறேன்" என்று நீங்கள் ஏதாவது உறுதிமொழியில் கையெழுத்து போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஊதிய நிர்ணயத்தின்போது இப்படி ஒரு தாளில் பலரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், படித்துப் பார்க்கக்கூட நேரம் கொடுக்க மாட்டார்கள். 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில் அப்படி உறுதிமொழி கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று தீர்ப்பு வந்திருக்கிறது. அது ஒரு நீதித்துறை அதிகாரியின் வழக்கு, கடைநிலை ஊழியரான உங்கள் நிலைமை வேறு என்று வாதாட இடம் உண்டு, ஆனால் அந்தத் தாள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

அப்புறம், பிடித்தம் செய்ய எழுத்துப்பூர்வமான உத்தரவு கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள், "சம்மதம்" என்று எழுதிக் கொடுக்கவும் கூடாது. உத்தரவு வந்ததும் மேற்படி தீர்ப்பைக் குறிப்பிட்டு ஆட்சேபணை, அடுத்து துறைத் தலைவருக்கு முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஒன்று சொல்லிவிடுகிறேன், இனிமேல் வரப் போகும் ஓய்வூதியத்தைச் சரியான ஊதியத்தின்படி திருத்துவதை இந்தத் தீர்ப்பு தடுக்காது. பழைய பணத்தைத் திருப்பிக் கேட்பதைத்தான் தடுக்கிறது. பெண்ணுக்கு நல்லபடியாகக் கல்யாணம் நடக்கட்டும் ஐயா.

சரண்டர், அதாவது ஈ.எல்.லை ஒப்படைத்துப் பணமாக வாங்கும் வசதி, திரும்ப வந்துவிட்டது என்கிறார்கள். நிறுத்திவைத்த வருஷங்களுக்கும் சேர்த்துக் கிடைக்குமா? – திருப்பாதிரிப்புலியூர்

கிடைக்காது. 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி நிறுத்தியது, 2025 அக்டோபர் 1 முதல் மறுபடி வந்திருக்கிறது, வருஷத்துக்கு 15 நாள் வரை சரண்டர் செய்யலாம், ஏறக்குறைய அரை மாதச் சம்பளம். இடைப்பட்ட வருஷங்களின் விடுப்பு உங்கள் கணக்கிலேயே இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். 240 நாளை எட்டாதவருக்கு அது உண்மை. ஏற்கெனவே 240 சேர்த்துவைத்திருந்த சீனியர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள், அரையாண்டுக்கு 15 நாள் என்று கணக்கில் ஏறியது, ஏற இடமில்லாமல் அப்படியே காலாவதி ஆனது. விடுப்பும் எடுக்க விடவில்லை, காசும் தரவில்லை. கொரோனா காலத்தில் முன்வரிசையில் நின்ற வருவாய்த் துறை, சுகாதாரத் துறை ஆட்களுக்குத்தான் இந்த இழப்பு அதிகம். நீங்கள் 240-ஐ நெருங்கிக்கொண்டிருந்தால் இந்த வருஷச் சரண்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் அப்பா அரசு பஸ் கண்டக்டர். அவருக்குச் சம்பளம் ஏற வேண்டுமென்றால் "ஒப்பந்தம்" என்கிறார்கள், சங்கங்களோடு மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் மாமாவுக்கு ஜி.ஓ. எனும் அரசாணை வந்தால் ஏறிவிடுகிறது. இருவருமே அரசு ஊழியர்தானே? – கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

நல்ல கேள்வி தம்பி. உன் மாமா அரசு ஊழியர், உன் அப்பா அரசுக்குச் சொந்தமான கம்பெனியின் தொழிலாளி. கடலூர் மண்டல பஸ்களின் பக்கவாட்டில் பார், அரசு போக்குவரத்துக் கழகம், விழுப்புரம் என்று எழுதியிருக்கும். அது கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம். அதனால் உன் அப்பாவுக்குத் தொழிற்தகராறு சட்டம் பொருந்தியது, சங்கங்களும் நிர்வாகமும் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தத்தைத்தான் அந்தச் சட்டத்தின் பிரிவை வைத்துப் "பன்னிரண்டு மூன்று" என்று டிப்போவில் சொல்வார்கள். மாமாவுக்கு அரசியலமைப்பின் 309-ஆம் பிரிவின் கீழ் போடும் விதிகள். அங்கே பேரம் பேச மேஜையே கிடையாது, ஊதியக் குழு பரிந்துரைக்கும், அரசு உத்தரவு போடும். 2017 அக்டோபரில் வந்த திருத்திய ஊதியம் 2016 ஜனவரி 1 முதல் பெயரளவுக்கு, பணம் கைக்கு 2017 அக்டோபர் 1 முதல்தான் என்று அரசே முடிவு செய்தது. இடையில் போன 21 மாத நிலுவைக்கு யாரும் கையெழுத்து கேட்கவில்லை.

அப்பாவுக்கு மேஜை உண்டு, ஆனால் அங்கே நேரம்தான் எதிரி. 2019 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய 14-வது ஒப்பந்தம் 2022 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது, அடிப்படையில் 5 சதவீதம். 15-வது 2025 மே மாதம், 6 சதவீதம். முன்பு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்றிருந்ததை நான்காக ஆக்கியதும் அந்த 14-வதில்தான். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அப்பாவோடு பேசு, ஒப்பந்த நகலைச் சங்கத்தில் கேட்டால் கொடுப்பார்கள், பல தொழிலாளர்கள் அதை முழுசாகப் படித்ததே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் 14 நாள் நோட்டீஸ், பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் சி.எல். போட்டாலும் அது வேலைநிறுத்தம் என்று அதில் இருக்கிறது. அப்பாவின் சங்கம் இனி அடியெடுத்து வைக்கும்போது இதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளலாமா? தகுதிகாண் பருவத்தில் இருக்கிறேன். – ஆசிரியை, நெல்லிக்குப்பம்

நேராகவே சொல்கிறேன், தகுதிகாண் முடியும்வரை வேண்டாம். 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 22-ஆவது விதி வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. அன்றைய சம்பளம் போவது நிச்சயம், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை வர வாய்ப்பு உண்டு, நிரந்தரமானவர் அதைத் தாங்குவார், உங்களுக்குத் தகுதிகாண் முடித்த உத்தரவே தள்ளிப்போகும். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழ்நாடு அரசு ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பியதையும், ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று சொன்னதையும், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பச் சேர்ந்ததையும் உங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர்களைக் கேளுங்கள், அந்த ஒரு மாதம் அடுப்பு எப்படி எரிந்தது என்று சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றைக்கும் உடன்பாடானது இல்லை. ஆனாலும் சட்டம் அதுவாக இருக்கும்போது உங்களை முன்னே தள்ளிவிட்டு நான் பின்னால் நிற்கக் கூடாது. ஆர்ப்பாட்டத்துக்கு மாலை நேரத்தில் பள்ளி முடிந்து போகலாம், விடுமுறை நாள் தர்ணாவுக்குப் போகலாம், சந்தா கட்டலாம்.

புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் காண்டிராக்ட் வாட்ச்மேன். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை டூட்டி. சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், அதிலும் பி.எப். பிடிக்கிறார்கள், கட்டுகிறார்களா என்று தெரியாது. ஆபீசில் கேட்டால் "காண்டிராக்டரைக் கேள்" என்கிறார்கள். – அரியாங்குப்பம்

"காண்டிராக்டரைக் கேள்" என்று அவர்கள் கை கழுவ முடியாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணிப் பாதுகாப்புச் சட்டம் அரசு அலுவலகங்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது, ஆனால் அங்கே காண்டிராக்டர் மூலம் வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். காண்டிராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் அந்த அலுவலகமே, முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில், கொடுக்க வேண்டும், பிறகு காண்டிராக்டரிடம் அவர்கள் வசூலித்துக்கொள்ளட்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் இரண்டு மடங்கு ஓவர்டைம். உங்களுக்கு நியமனக் கடிதம் கொடுத்தார்களா? கொடுக்க வேண்டியது கட்டாயம், முதலில் அதைக் கேளுங்கள்.

பி.எப். விஷயத்தை இன்றைக்கே பார்த்துவிடலாம். யு.ஏ.என். எனும் உங்கள் பி.எப். அடையாள எண்ணை வைத்து அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் மாதாமாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும், உங்களிடம் பிடித்த 12 சதவீதமும் முதலாளி பங்கும் தனித்தனியாக இருக்கும். சில மாதம் காலியாக இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சம்பளச் சீட்டோ வங்கிப் பதிவோ சேர்த்து, பி.எப். அலுவலகத்துக்கு ஒரு மனு, புதுச்சேரி தொழிலாளர் துறைக்கு ஒரு மனு, அலுவலகத் தலைவருக்கு ஒரு நகல். தனியாகப் போனால் மறுநாள் டூட்டியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். கூட இருக்கும் வாட்ச்மேன்கள், துப்புரவுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்து போடுங்கள். வருகைப் பதிவேட்டில் எட்டு மணி நேரம் என்று எழுதுகிறார்களா பன்னிரண்டு என்று எழுதுகிறார்களா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் வந்த நேரம் போன நேரத்தை உங்கள் கையால் ஒரு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள்.

எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் 12 ஆலைத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்த ஊர் புதுச்சேரி. அந்த ஊரின் அரசு அலுவலக வாசலில் ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார் என்று படிக்கும்போது மனசு ஆறவில்லை.

அவுட்சோர்சிங்கில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். மேலதிகாரி ஒருவரின் பேச்சும் நடத்தையும் சரியில்லை. நிரந்தர ஊழியராக இல்லாத நான் புகார் கொடுக்க முடியுமா? கொடுத்தால் வேலை போய்விடுமோ? – பெயரும் ஊரும் வேண்டாம்

முடியும் அம்மா. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருஷத்துச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, ஏஜென்சி மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்தவர் என்று எல்லோரையும் ஊழியர் என்றே சொல்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் குழு இல்லை என்றாலோ, அந்த மனிதர்தான் அலுவலகத் தலைவர் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போங்கள், கலெக்டர் அலுவலகத்தில் சமூகநலப் பிரிவில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடக்கிறதென்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. கொடுக்க முடியாத காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். புகாரை ஆறு நகல்களாகக் கொடுக்கச் சொல்கிறது விதி, ஆதாரங்களும் சாட்சிகளின் பெயர்களும் அதோடு சேர்த்து. புகாரிலேயே, விசாரணை முடியும்வரை உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றும்படியும், தேவைப்பட்டால் மூன்று மாதம் வரை விடுப்பு தரும்படியும் கேட்டு ஒரு பத்தி எழுதிவிடுங்கள். அந்த விடுப்பு உங்களுக்கு வழக்கமாக உள்ள விடுப்பில் கழியாது. ஏஜென்சிக்காரர் "நாளை முதல் வர வேண்டாம்" என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அன்றைக்கே குழுவிடம் சேர்த்துக் கொடுங்கள்.